மாத்திரைகளைத் தரம் பிரித்த மதினிக்கு

மதினி,

போன வெள்ளிக்கிழமை கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். பெருமாள்மலையில் அன்றைக்குக் காலை பத்து மணி வரைக்கும் மூட்டம் விலகவில்லை. எதிரில் இருக்கும் டீக்கடையே தெரியாத நேரத்தில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்று, டாக்டர் சீட்டை நீட்டினார். நான் மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தேன். அவர் பைக்குள் கைவிட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தார். டப்பாவுக்குள்ளிருந்து பூண்டு வாசம் அடித்தது.

"அட்டையெல்லாம் வேணாந் தம்பி. பிச்சு இதுல போட்டுருங்க. எனக்கு வெரலு மடங்க மாட்டேங்குது" என்றார்.

எனக்கு அறுபத்து நாலு வயது. நீங்கள் போன பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிட யாரும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க முடியவில்லை. "முடியாதுங்க" என்று நான் சொன்ன வேகத்தில் மனிதர் ஓரடி பின்வாங்கிவிட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு மாத்திரையையும் அட்டையோடு தனித்தனியாக வெட்டி, எடுப்பதற்கு வசதியாக ஓரத்தில் ஒரு கீறலும் போட்டு, எதை எப்போது போட வேண்டும் என்று பேனாவால் எழுதி, மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு அனுப்பினேன். அவர் நேரே டீக்கடைக்குப் போய், "மருந்துக்கடைக்காரருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்திருக்கிறார்.

ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குக் கடுதாசி எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. உங்கள் ஊர் கவுஞ்சிக்கும் என் கடை இருக்கிற பெருமாள்மலைக்கும் நடுவில் பஸ் இருக்கிறது, போன் இருக்கிறது, போன் எடுக்காவிட்டால் பஸ்ஸில் யாரிடமாவது சொல்லிவிட்டால் ஏச்சு அப்படியே வந்து சேரும். இப்போது அந்த வழியெல்லாம் இல்லாததால் எழுதுகிறேன்.

உங்களை அண்ணன் கட்டிக்கொண்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். நான் பார்மசி படித்துவிட்டு வந்து கடை வைத்தபோது ஊரே மெச்சியது, நீங்கள் ஒருவர்தான், "படிச்சு என்னத்துக்கு? டாக்டர் எழுதுறாரு, கம்பெனிக்காரன் செய்யுறான், எங்க கொழுந்தனாரு அட்டையப் பிச்சுக் குடுக்குறாரு" என்றீர்கள். அதற்குப் பதிலாக நான், "நீங்க மட்டும் என்ன, பூண்டு தானா வெளையுது, நீங்க ஒக்காந்து பெருசு சிறுசு பாக்குறீங்க" என்றேன். அதிலிருந்து நாற்பது வருஷம் நமக்குள் இதே பேச்சுதான்.

ஆனால் பெருசு சிறுசு பார்ப்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சாக்கில் கைவிட்டு அள்ளினால், கண் வேறெங்கோ இருக்கும், வாய் யாரையோ வைதுகொண்டிருக்கும், கை மட்டும் பெருசு, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியலாகப் போட்டுக்கொண்டே போகும். உங்கள் குவியலை எந்த வியாபாரியும் கிளறிப் பார்த்தது இல்லை. அந்தக் கைக்குத்தான் முதலில் வந்தது. காலையில் எழுந்தால் விரல் கணுவெல்லாம் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மடக்க முடியாது. மூட்டுவாதம் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாத்திரை எழுதினார். பெரிய வெள்ளை மாத்திரை எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து, தினமும் ஒன்று. நடுத்தரமானது வைட்டமின், அதுவும் தினமும் ஒன்று. மூன்றாவதுதான் மூட்டைப் பிடித்து இழுக்கும் நோயை அடக்குகிற மருந்து. ஒரு மிளகை விடக் கொஞ்சம் பெரிசு, வெளிறிய மஞ்சள். அது வாரத்துக்கு ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதன் வேகத்தைத் தாங்குவதற்காகத்தான் அந்த வைட்டமினே.

ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் போட்டீர்கள். நீங்கள் மாத்திரையைப் பார்த்ததே இல்லை, அட்டையைத்தான் பார்த்தீர்கள். வெள்ளி அட்டை ஞாயிற்றுக்கிழமை, மற்ற அட்டை தினமும். அதில் ஒரு குழப்பமும் இல்லை.

குழப்பத்தைச் செய்தவன் நான்தான்.

அன்றைக்கு நீங்கள் வத்தலக்குண்டுக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பஸ் பெருமாள்மலையில் டீ குடிக்க நின்றது. நீங்கள் இறங்கி வந்து சீட்டையும் ஒரு டப்பாவையும் என் முன்னால் வைத்தீர்கள்.

"ஏலே தம்பி, ஆறு மாசத்துக்கும் சேத்துக் குடு. அட்டையப் பிச்சு டப்பாவுல போட்ரு. ஒவ்வொண்ணா அமுக்குறதுக்குள்ள எனக்கு உசுரு போகுது. ஒங்க அண்ணன் அமுக்கினா மாத்திரை தெறிச்சு அடுப்புக்குள்ள போயி விழுகுது."

சொல்லியிருக்க வேண்டும், முடியாது என்று. தனித்தனிக் கவராவது போட்டிருக்க வேண்டும். டிரைவர் ஆரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். நீங்களும் வெரசா, வெரசா என்று விரட்டினீர்கள். எனக்கும் ஒரு திமிர் இருந்தது. கட்டைவிரலால் சடசடவென்று அட்டையை அமுக்கி மாத்திரையை உதிர்ப்பதில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நீங்கள் பூண்டு பிரிக்கிற வேகத்தைப் பார்த்துப் பார்த்து வந்த பொறாமை அது. மூன்று வகையும் ஒரே டப்பாவில் விழுந்தது. நீங்கள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, பஸ்ஸோடு ஓடிக்கொண்டே, "மதினி, வெள்ளி அட்டையில இருந்தது மட்டும் வாரத்துக்கு ஒண்ணு" என்று சத்தம் போட்டேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்று கையைக் காட்டினீர்கள்.

அந்த நேரத்தில் வெள்ளி அட்டை முழுவதும் என் கடைக் குப்பைக்கூடையில் கிடந்தது.

வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்திருக்கிறீர்கள். அட்டை இல்லை. இதில் ஏதோ ஒன்று வாரத்துக்கு ஒன்று என்பது மட்டும் ஞாபகம். எனக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் ஒரு மாதம் கேலி செய்வேன் என்று கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த சோலியைச் செய்தீர்கள். முறத்தில் மாத்திரையைக் கொட்டி, பெருசு, நடுத்தரம், பொடி என்று மூன்றாகப் பிரித்தீர்கள். பிரித்ததில் ஒரு மாத்திரைகூட மாறவில்லை. நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். பெருசு வீரியமானது, ஆகவே வாரத்துக்கு ஒன்று. நடுத்தரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பொடி பாவம் சின்னது, தினமும் ஒன்று.

பூண்டுக்காரக் குடும்பத்தில் பிறந்த யாரும் இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. அண்ணனும் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

பத்து நாள் கழித்து உங்களுக்கு வாயெல்லாம் புண். நீங்கள் மருமகள் மேல் பாய்ந்தீர்கள். அவள் ரசத்தில் மிளகை அள்ளிக் கொட்டுகிறாள் என்று பக்கத்து வீடு வரை புகார். அந்தப் பெண் மிளகே இல்லாமல் ரசம் வைத்துப் பார்த்தாள், "இது ரசமா, களனித் தண்ணியா?" என்று அதற்கும் ஏச்சு. அடுத்து, கையிலும் தோளிலும் நீலம் நீலமாகக் கன்றல். எங்கேயும் விழவில்லை, இடிக்கவில்லை. சாக்கைத் தொட்டால் அந்த இடம் கன்றிப் போனது.

இதில் ஆதாயம் அடைந்தவர் அண்ணன் ஒருவர்தான். உங்கள் கையைப் பார்த்த ஊர், அண்ணன் உங்களை அடிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டது. தோட்டத்தில் புழுவைக்கூட நசுக்காமல் இலையோடு எடுத்து வேலிக்கு வெளியே விடுகிற மனுஷன். நாற்பத்தைந்து வருஷமாக டீக்கடையில் அவருக்கு யாரும் பெஞ்சில் இடம் விட்டதில்லை. அந்த வாரம் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லையாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். நீங்கள் இதை எனக்குச் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அந்த வாரம் பூராவும் நீங்களும் ஊரில் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. "போகட்டும், ஒரு தடவயாச்சும் மருவாதியா டீ குடிக்கட்டும்" என்றீர்கள்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. வெள்ளனே எழுந்து முகம் கழுவும்போது மூக்கில் ரத்தம் வந்து நிற்கவே இல்லை. அண்ணன் போன் செய்தபோது குரலே அவருடையதாக இல்லை. கொடைக்கானலில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இங்கே வைத்திருக்க முடியாது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் பெருமாள்மலையில் நின்று என்னை ஏற்றிக்கொண்டது. நீங்கள் படுத்துக் கிடந்தீர்கள். உங்கள் முகம் வெளுத்து, உதடு வெடித்து, வாயோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. மலை இறங்கி முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தைகூட யாரையும் வையவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது.

மதுரையில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, நிதானமான பேச்சு. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு மூன்றும் அடிமட்டத்துக்கு வந்திருக்கிறது என்றார். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார். அண்ணன் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். உள்ளே மூன்று சின்னக் கிண்ணம். டாக்டரம்மா கேட்பதற்கு முன்னால் நீங்களே புண்ணான வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்.

"பெரிய பூண்டுன்னா ஒரு பல்ல நசுக்கிப் போட்டாப் போதும், கொழம்பு மணக்கும். பொடியின்னா கையள்ளிப் போடணும். அது மாதிரித்தேன் டாக்டரம்மா."

அவர் பொடிக் கிண்ணத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்தபோது எனக்கும் புரிந்தது. அறையில் நின்றவர்களில் அந்த மாத்திரையைப் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியதைத் தினமும் ஒண்ணு போட்டிருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "எலும்புக்குள்ளதான் ரத்தம் ஊறுது. இந்த மருந்து அளவு மீறினா அந்த ஊத்துக்கண்ணையே அடைச்சிரும். வயசானவங்களுக்கு கிட்னி மெதுவாத்தான் வேலை செய்யும், மருந்து வெளிய போகாம உள்ளயே தங்கிரும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அப்புறம் நிமிர்ந்து கேட்டார். "இதை அட்டையில இருந்து பிரிச்சது யாரு?"

முப்பத்தைந்து வருஷமாக மருந்துக்கடைக்காரன். சுவரில் சர்டிபிகேட் தொங்குகிறது. நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மதினி.

"நாந்தேன்" என்றீர்கள் நீங்கள்.

டாக்டரம்மா உங்கள் விரல்களைப் பார்த்தார். வீங்கி, வளைந்து, ஊசி குத்துவதற்குக்கூட நீட்ட முடியாமல் கிடந்தன. "இந்த விரலாலயா?"

"இல்லம்மா, பல்லாலக் கடிச்சுப் பிச்சேன்."

உங்கள் பல்செட் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் கிடந்தது. டாக்டரம்மா அந்த டம்ளரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் கட்டைவிரலைப் பார்த்தது மாதிரி இருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் சீட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் தனி அறையில் வைத்திருந்தார்கள். மருந்தை முறிக்க ஊசி, தட்டணு, ரத்தம் என்று மாறி மாறி ஏற்றினார்கள். முதல் ஐந்து நாள் நீங்கள் பிழைப்பீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே நாற்காலியில் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "நீ இருக்கப் போயித்தான் எனக்குத் தெம்பா இருக்குடா. மருந்து தெரிஞ்ச ஆளு" என்றார் அண்ணன். அந்த வார்த்தைக்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆறாம் நாள் நர்ஸ் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். நீங்கள் கண் முழித்து, ரத்த அணுக்களின் கணக்கை, பூண்டு விலை விசாரிப்பது மாதிரி, "இன்னைக்கு வெல என்னம்மா? நேத்தைக்கு ஏறுச்சா எறங்குச்சா?" என்று கேட்டீர்களாம். ஏறியிருந்தது. அண்ணன் எழுந்து போய் ஒரு ஓரமாக நின்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தீர்கள். வேறு மருந்து கொடுத்தார்கள், கை கொஞ்சம் தேவலை ஆனது, பழையபடி முறத்துக்குப் போனீர்கள். அண்ணன் மாசாமாசம் மாத்திரை வாங்க வருவார். நான் அட்டை அட்டையாக எழுதி, கலர் பேனாவால் வட்டம் போட்டு, போன் செய்து சரிபார்ப்பேன். நேரில் வரும்போது நீங்கள் என்னைச் சும்மா விடவில்லை. கடையில் நாலு பேர் இருக்கும்போது, "இவரு ரொம்பக் கவனமான ஆளு. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பீர்கள். நான் அப்போதெல்லாம் அலமாரிப் பக்கம் திரும்பி எதையாவது தேடுவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தனியாக இருந்தபோது ஆரம்பித்தேன். "மதினி, அன்னைக்கு மதுரையில..." என்றேன். "இருமலுக்கு ஏதாச்சும் குடு, பஸ் போயிரும்" என்று பேச்சை வெட்டிவிட்டீர்கள்.

போன பங்குனியில் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்கு முந்தின வாரம் எடுத்த ரத்தச் சோதனைச் சீட்டை அண்ணன் என்னிடம் காட்டினார். ஒவ்வொரு அணுவும் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அதைப் படித்துவிட்டு அழுத ஒரே மருந்துக்கடைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

டப்பாவோடு அந்தப் பெரியவர் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கவுஞ்சி பஸ் ஏறினேன். அண்ணன் வாசலில் வெயிலில் உட்கார்ந்து பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். உங்கள் அளவுக்கு வராது; பெருசும் நடுத்தரமும் கலந்து கிடந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "அண்ணே, மதினிக்கு அன்னைக்கு மாத்திரையெல்லாம் பிச்சு ஒண்ணாப் போட்டுக் குடுத்தது நாந்தேன். மதினி எனக்காகப் பொய் சொல்லிட்டாங்க."

அண்ணன் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்ப?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே சொல்லிட்டா."

"ஏண்ணே ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னுட்டா. 'அவனா வந்து சொல்லுவான். சொன்னா வையாதீங்க. வஞ்சீங்கன்னா பயந்துபோயி கடையப் பூட்டிருவான், மலையில மாத்திரைக்கு எங்க போறது?'ன்னா." அண்ணன் ஒரு பூண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாமல். "இன்னொண்ணும் சொன்னா."

"என்ன?"

"'நான் இருக்குறவரைக்கும் சொல்ல மாட்டான், பயந்தாங்கொள்ளி. நான் போன பெறகு ஒங்ககிட்டத்தேன் வருவான். அன்னைக்குச் சாப்பிடச் சொல்லி அனுப்புங்க'ன்னா."

நாங்கள் இரண்டு கிழவர்களும் சிரித்த சிரிப்பில் மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அவள் வந்து பார்க்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். தட்டைக் கழுவி வைத்தாள்.

சாப்பிட்டேன், மதினி. ரசத்தில் மிளகு தூக்கலாகத்தான் இருந்தது, உங்கள் புகாரில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் வந்தது ஒரு பாட்டையா, கையில் அதே மஞ்சள் மாத்திரைக்குச் சீட்டு. ஆறு வருஷமாக அந்த வெள்ளி அட்டையைத் தொடும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அன்றைக்கும் வேர்த்தது. மன்னிப்பு கிடைத்துவிட்டது, இனி வேர்க்காது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தேன். அட்டையை அவர் கையில் கொடுத்து, என்னைக்குப் போடணும் சொல்லுங்க என்று கேட்டேன். ஞாயித்துக்கெழம என்றார். இன்னொரு தடவை கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பரவாயில்லை, மூன்றாவது தடவையும் கேட்டேன். இந்த வேர்வை மட்டும் போக வேண்டாம், மதினி. இது என்னிடமே இருக்கட்டும்.

உங்கள் கொழுந்தன்